கீபோர்டும் டச்பேடும் ஒன்றாக நின்றுபோன அக்காவின் லேப்டாப்

வெள்ளிக்கிழமை இரவு அக்காவிடமிருந்து போன். பெரியம்மா மகள், பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. எடுத்ததுமே, "தம்பி, கீபோர்டு வேலை செய்யல. கீழே விரல் வைச்சு ஓட்டுற இடமும் வேலை செய்யல. ரெண்டும் ஒண்ணா போச்சு. திங்கக்கிழமைக்குள்ள பிபிடி ஏத்தி முடிக்கணும்" என்றார். பிபிடி என்பது மாணவர்களின் வகுப்பறை மதிப்பீடு. ஏற்கெனவே லேப்டாப்பை ஒரு கடையில் காட்டியிருக்கிறார். மதர்போர்டு போய்விட்டது, 650 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

650 வெள்ளியைக் கேட்டதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதைவிட, "ரெண்டும் ஒண்ணா" என்று அவர் சொன்னதுதான் தூங்கும்வரை காதில் இருந்தது. லேப்டாப் கீபோர்டுக்கு அடியில் வரிசையும் நெடுவரிசையுமாகக் கம்பித் தடங்கள் ஓடுகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு தொட்டன என்று கன்ட்ரோலர் என்ற சிப் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். காப்பி கொட்டினாலோ தடம் அறுந்தாலோ ஒரு கூட்டம் எழுத்துகள் மட்டும் போகும், மற்றவை அடிக்கும். எல்லாப் பொத்தான்களும் ஒரே நொடியில் நின்று, கூடவே டச்பேடும் நின்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது. அந்தப் பொதுவான இடம் எது என்று தெரியாமல் புதுக் கீபோர்டு வாங்குவது காசுக்குக் கேடு. மதர்போர்டு மாற்றுவது அதைவிடக் கேடு.

சனிக்கிழமை மதியம் அக்காவும் அத்தானும் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். லேப்டாப் காடியின் பின்பூட்டில், அதாவது காரின் பின்பெட்டியில், கிடந்து வந்தது. கையில் வாங்கும்போதே சுட்டது. அந்தச் சூட்டை அப்போதே யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

முதலில் வெளி மவுஸ். யூஎஸ்பியில் செருகியதும் அம்புக்குறி நகர்ந்தது. ஆக, மெஷினுக்கு உயிர் இருக்கிறது, திரை உறையவில்லை. பூட்டுத் திரையின் வலது கீழ்மூலையில் இருக்கும் அணுகல்வசதிச் சின்னத்தை அழுத்தி, திரைக் கீபோர்டைத் திறந்து, அக்காவின் கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகக் கிளிக் செய்து உள்ளே போனோம். வீட்டில் வேறு கீபோர்டு இல்லாதவர்களுக்கு இந்த வழி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அக்கா இரண்டு நாளாக அப்படித்தான் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாராம். அவர் பழகியது அஞ்சல் விசைமுறை; ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டினால் தமிழ் வரும். நம் மலேசியர் முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு மென்பொருளின் வழி வந்த முறை அது; இங்கே எத்தனையோ ஆசிரியர்களின் விரலில் ஊறியது. 'பொருள்' என்று எழுத விரலுக்கு அரை வினாடி போதும். மவுஸால் என்றால் பி, ஓ, ஆர், யூ, அதன்பின் ஷிப்ட், அதன்பின் எல் என்று ஆறு கிளிக். 28 மாணவர்களுக்குக் குறிப்பு எழுத வேண்டும். முதல் நாள் ஏழு பேரோடு கை ஓய்ந்துபோனதாகச் சொன்னார்.

அடுத்து மென்பொருள் சந்தேகங்கள். வலது ஷிப்ட்டை 8 வினாடி அழுத்தியபடி இருந்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சட்டென்று தட்டும் தட்டலை அது ஏற்காது. கீபோர்டு செத்ததுபோலவே இருக்கும். புத்தகம் ஏதாவது கீபோர்டு மேல் கிடந்தாலே போதும், இது நடந்துவிடும். பார்த்தேன், அணைந்தே இருந்தது. டச்பேடை அணைக்கும் எஃப் பொத்தான் சில மெஷின்களில் உண்டு, அதையும் அமைப்புகளில் பார்த்தேன். மவுஸ் செருகினால் டச்பேடை அணைத்துவிடு என்றும் ஓர் அமைப்பு இருக்கிறது. சோதிப்பதற்காக நாம் செருகும் மவுஸே டச்பேடை நிறுத்தி நம்மைத் திசைதிருப்பிவிடும். அதுவும் காரணமில்லை.

டிரைவரை, அதாவது கீபோர்டை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருளை, அழித்துத் திரும்பப் போடலாம் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான் அதைச் செய்யவில்லை. அதற்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் முடியும் சோதனை ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி, மெஷினை அணைத்து ஏற்றி, எஃப் 2 தட்டி, விண்டோஸ் ஏறுவதற்கு முந்திய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனேன். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. வெளிக் கீபோர்டின் அம்புப் பொத்தான் மேலும் கீழும் போனது. லேப்டாப்பின் சொந்தப் பொத்தான்கள் ஒன்றும் அசையவில்லை. இந்த பயாஸில் டச்பேடுக்கு வேலை கிடையாது, அதனால் அதற்காக பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற வேறோர் இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தேன். அங்கேயும் இரண்டும் ஊமை. விண்டோஸ் மேல் இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. டிரைவர் பக்கம் போயிருந்தால் ஒரு மாலை முழுக்க வீண்.

மிச்சம் இருந்தது வன்பொருள். மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சிறு சிப் உண்டு. பவர் பொத்தான், சார்ஜிங், விசிறி, கீபோர்டு எல்லாம் அதன் கையில். 1984-இல் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோது கீபோர்டைக் கவனிக்க 8042 என்ற இன்டெல் சிப்பைத் தனியாக வைத்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் இந்தக் கன்ட்ரோலர் அந்த 8042-இன் வேஷத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. அது எப்போதாவது சிக்கிக்கொள்ளும். சில மெஷின்களின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ரீசெட் துளை இருக்கும். அக்காவுடையதில் இல்லை. சார்ஜரைக் கழற்றி, மெஷினை அணைத்து, பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்தேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மெஷினை விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தோம். மீன்குழம்பும் பேச்சுமாக ஒரு மணி நேரம் போயிற்று.

திரும்பி வந்து ஏற்றினால் கீபோர்டு அடிக்கிறது, டச்பேடு ஓடுகிறது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரீசெட்தான் சரிசெய்தது என்று நான் முடிவு கட்டினேன், அவரிடமும் அப்படியே சொன்னேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கே அந்தத் தவறான முடிவுதான் காரணம்.

ஞாயிறு இரவு மறுபடி போன். மறுபடி இரண்டும் நின்றுவிட்டன. இரவல் கீபோர்டை அவரிடமே கொடுத்தனுப்பியிருந்ததால் பிபிடி வேலை தப்பித்தது. புதன்கிழமை இரவு அவரே கூப்பிட்டு ஒன்று சொன்னார்: "தம்பி, ஸ்கூல்ல ஏர்கோன் ரூம்ல காலையில நல்லா அடிக்குது. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டா ஒரு மணி நேரத்துல நின்னுருது. மூடி வைச்சா காலையில மறுபடி வருது." மூன்று நாள் குறித்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். எனக்கு அப்போதுதான் பின்பூட்டுச் சூடு நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை மெஷினைப் பிழைக்க வைத்தது ரீசெட் இல்லை. விசிறிக்கு அடியில் அது ஆறிப்போன அந்த ஒரு மணி நேரம். நான் ஒரே சமயத்தில் இரண்டு காரியம் செய்துவிட்டு, பெயரை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் வருகிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பு அசைகிறது. சார்ஜில் சூடாகி அசையக்கூடியது எது? பேட்டரி.

"அக்கா, லேப்டாப்பைக் கண்ணாடி மேசை மேல வைங்க. நாலு மூலையும் உட்காருதான்னு பாருங்க" என்றேன். ஒரு மூலை உட்காரவில்லை. ரப்பர் காலுக்கு அடியில் ஒரு தாளை நுழைத்தால் தடங்கலில்லாமல் போய் வந்தது. டச்பேடின் குறுக்கே ஸ்கேலை வைக்கச் சொன்னேன். நடுவில் ஏறி, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டது. "கொஞ்ச நாளா கிளிக் அழுத்த கஷ்டமா இருந்துச்சு தம்பி, பழசாயிருச்சுனு விட்டுட்டேன்" என்றார். சார்ஜரைக் கழற்றச் சொன்னேன். நான் பார்க்கும்வரை அதைத் திரும்பச் செருகவே கூடாது, படுக்கையறையில் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். அதை மட்டும் கடுமையாகவே சொன்னேன்.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் பாலிமர் பை. அலுமினியப் பூச்சுள்ள மெல்லிய உறைக்குள் அடுக்கு அடுக்காகத் தகடும் இடையில் மின்பகு திரவமும். வயதாக ஆக அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகும், வெளியேற வழியில்லாமல் பை உப்பும். எப்போதும் 100 விழுக்காட்டில் சார்ஜிலேயே கிடப்பதும் வெப்பமும் இதை வேகப்படுத்தும். பினாங்கில் நடுப்பகல் வெப்பம் 31, 32 டிகிரி; வீட்டில் செருகியபடியே கிடக்கும் மெஷின். வேறென்ன வேண்டும்? உப்பிய பை ஓட்டை விழுந்தாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கும். டச்பேடு மேலே வந்துவிட்டதே என்று கையால் அழுத்தி உட்கார வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை திறந்தேன். அதற்கு முன் பேட்டரியை 20 விழுக்காட்டுக்கு இறக்கிக்கொண்டேன். சார்ஜ் குறைவாக இருந்தால் ஏதாவது நடந்தாலும் வேகம் குறையும். விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதை ஓட்டிப் பார்த்ததில் புதிதில் 50,000 மில்லிவாட்-மணி பிடித்த பேட்டரி இப்போது 27,400-தான் பிடித்தது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து, காலடியில் ஒரு வாளி மணல் வைத்தேன். அம்மா எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் மேசைத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடிமூடியில் பத்துத் திருகாணிகள், பிலிப்ஸ் தலை, பின்வரிசை மூன்றும் நீளம். ஒரு தாளில் மெஷின் வரைந்து அந்தந்த இடத்தில் திருகாணியை டேப் போட்டு ஒட்டினேன். நீளத்தை முன்பக்கம் போட்டு முடுக்கினால் கைவைக்கும் பலகையைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். மூடியின் கொக்கிகளை விடுவிக்கக் காலாவதியான டச் அன் கோ டோல் கார்டு. இரும்புத் திருப்புளியை நுழைக்க வேண்டாம். உள்ளே உப்பிய பை எங்கே இருக்கிறது என்று அப்போது நமக்குத் தெரியாது. கார்டைக்கூட ஓரத்தில் நகத்தளவுக்கு மேல் விடவில்லை.

மூடி வந்தது. மூன்று பைகளில் நடுப்பை பூரிபோல் உப்பியிருந்தது. பக்கத்துப் பைகள் 5 மில்லிமீட்டர், அது 9. முதல் வேலை பேட்டரி இணைப்பியைக் கழற்றுவது; அதற்கு முன் வேறெதையும் தொடக் கூடாது. இந்தப் பேட்டரி நான்கு திருகாணியில் நின்றது நல்லதாயிற்று. பசை போட்டு ஒட்டியதாக இருந்திருந்தால் உப்பிய பையை நான் நெம்பியிருக்க மாட்டேன், அதற்கென்று கருவி உள்ளவரிடம்தான் கொண்டுபோயிருப்பேன். இரண்டு கையாலும் ஓரச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கி, மணல் போட்ட பழைய பிஸ்கட் டின்னில் படுக்க வைத்து, பால்கனியில் நிழலான மூலைக்குக் கொண்டுபோனேன்.

பேட்டரி இருந்த பள்ளத்தில்தான் விடை கிடந்தது. இந்த மாடலில் கீபோர்டின் ரிப்பன், அதாவது தட்டையான கம்பிப் பட்டை, நேராக மதர்போர்டுக்குப் போகவில்லை. டச்பேடின் முதுகில் இருக்கும் சிறு போர்டில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரிப்பன் மதர்போர்டுக்குப் போகிறது. அந்த ஒற்றை ரிப்பன் பேட்டரியின் அடியில் ஓடுகிறது. நான் தேடிய பொதுவான இடம் விரலகலம்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பட்டை.

மதர்போர்டு முனையில் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரிப்பனின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு அச்சிட்டிருக்கும்; சரியாகச் செருகினால் அந்தக் கோடு இணைப்பியின் உதட்டோடு இணையாக நிற்கும். இங்கே இடப்பக்கம் ஒட்டியும் வலப்பக்கம் ஒரு முடியளவு விலகியும் சாய்ந்திருந்தது. ரிப்பனை இறுக்கிப் பிடிக்கும் கறுப்புத் தாழ்ப்பாள் பாதி எழும்பியிருந்தது. பை உப்பி டச்பேடைத் தள்ள, டச்பேடு ரிப்பனை இழுக்க, சார்ஜில் சூடாகும்போதெல்லாம் அந்த ஒரு முடியளவு கூடியிருக்கிறது.

தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்தி ரிப்பனை எடுத்தேன். தாழ்ப்பாளில் இரண்டு வகை: மேலே நிமிர்வது, பக்கவாட்டில் இழுப்பது. எது என்று பார்க்காமல் நெம்பினால் உடைந்துவிடும், உடைந்தால் அப்போதுதான் உண்மையிலேயே மதர்போர்டு வேலை. அம்மா 80-களில் இங்கே பாயான் லெப்பாஸ் பேக்டரியில் மைக்ரோஸ்கோப்பில் தங்கக் கம்பி இணைத்தவர். 1972-இல் இந்தத் தொழிற்பேட்டை வந்த பிறகு எத்தனையோ நம் வீட்டுப் பெண்கள் பார்த்த வேலை. அவருடைய சாமணம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ரிப்பனை நான் விரலால் பிடிக்கப் போவதைப் பார்த்துவிட்டு அதைக் கொண்டுவந்து நீட்டினார். "வாய்க்கால் பக்கத்தைத் தொடாதே. கை ஈரம் பட்ட இடம் பிறகு கறுக்கும்" என்றார். வாய்க்கால் என்று அவர் சொல்வது உலோகத் தடத்தை. அந்தச் சொல்லை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ரிப்பனின் நடுவில் ஒரு மடிப்புத் தடம், பேட்டரியின் விளிம்பு அழுத்திய இடம். மல்டிமீட்டர் முனைகளில் தையல் ஊசி கட்டி ஒவ்வொரு தடமாகத் தொடர்ச்சி பார்த்தேன். தட்டையாக வைத்தால் பத்தும் பீப் சத்தம் கொடுத்தன. மடிப்பில் இலேசாக வளைத்தால் நான்காவது தடம் மௌனம். அந்தத் தடத்தில் போவது மின்சாரமா தகவலா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. எதுவானாலும் ரிப்பனையே மாற்ற வேண்டும் என்பது தெளிவு.

உதிரிபாகம் வாங்கும் முன் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை. ரிப்பனை ஐசோபுரோபில் ஆல்கஹாலில் துடைத்து, நேராகச் செருகி, தாழ்ப்பாளை அடைத்து, பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் மெஷினை ஓட்டினேன். மூன்று மணி நேரம் வீடியோ ஓடியது, மெஷின் கைசுடும் அளவுக்குப் போனது, கீபோர்டும் டச்பேடும் ஒருமுறைகூட நிற்கவில்லை. பேட்டரி இல்லாமலும் ஓடும் மெஷின்களில் மட்டும்தான் இது முடியும். கரண்ட் போனால் திறந்திருக்கும் கோப்பும் போய்விடும் என்பதால் அக்காவின் கோப்புகளை முதலில் பென்டிரைவில் எடுத்துவைத்திருந்தேன்.

ரிப்பன் 18 வெள்ளி, பேட்டரி 165 வெள்ளி. பேட்டரி வாங்கும்போது மெஷின் மாடலைப் பார்க்காமல் பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட பகுதி எண்ணையும் வோல்ட்டையும் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு அளவு பேட்டரி வந்திருக்கும், திருகாணித் துளை பொருந்தாது. ஐந்து நாளில் இரண்டும் வந்து சேர்ந்தன. மாட்ட இருபது நிமிடம். ரிப்பன் செருகியதும் கோடு இணையாக நிற்கிறதா என்று அம்மாவையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார், தலையசைத்தார்.

மூடியபின் அதே கண்ணாடி மேசைச் சோதனை: நான்கு காலும் உட்கார்ந்தன. பயாஸில் சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தது, போட்டுவிட்டேன். அக்காவின் வேலைக்கு அந்த எண்பது தாராளம். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போட முடியாது. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி லித்தியம் பேட்டரிக் கழிவு இங்கே அட்டவணைக் கழிவு, அதாவது தனியாகக் கையாள வேண்டிய அபாயக் கழிவு; அதன் குறியீடு எஸ்டபிள்யூ 103. டின்னோடு அப்படியே சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவு சேகரிப்பு இடத்துக்குக் கொண்டுபோய், உப்பியது என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். சொல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். அதைத் தூக்குகிறவருக்கும் தெரிய வேண்டும்.

அக்கா வந்து எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து ஒரு பத்தி அடித்துப் பார்த்தார். டச்பேடின் இடது மூலை மட்டும் இன்னும் கொஞ்சம் கனமாக அழுந்துகிறது. இத்தனை மாதம் கீழிருந்து தள்ளியதில் அதன் தகடு சற்று வளைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.